மைனஸ் வோல்ட்டு

கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு மேலே ஒரு மாடி அறை. கீழே பம்பு உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் ஓடும் சத்தம், மேலே ஈயம் உருகும் வாசனை. பெயர்ப் பலகை கிடையாது. பழைய சிஎன்சி மெஷின்களையும் எடைமேடைகளையும் பழுது பார்க்கும் அவரை அந்தத் தெருவில் ‘கேபிள் அண்ணன்’ என்றால்தான் தெரியும். யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வர்ட்டரைத் தன் கையாலேயே செய்து கொடுக்கிறார் என்பதால் வந்த பெயர்.

சில நூறு ரூபாய்க்குக் கடையில் தொங்கும் சாமானை மெனக்கெட்டு ஏன் செய்ய வேண்டும்? நான் கேட்டதும் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு நீலக் கேபிளை எடுத்தார். லேப்டாப்பில் சொருகினார். ஒன்பது முள் கனெக்டரின் ஐந்தாவது முள்ளில் மல்டிமீட்டரின் கறுப்பு முனை, மூன்றாவதில் சிவப்பு. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. அடுத்து, தான் செய்த பெட்டியைச் சொருகி அதே இடங்களில் வைத்தார். மைனஸ் ஒன்பதுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“பாத்தீங்களா? சும்மா இருக்கறப்ப இந்த ஒயர்ல மைனஸ் வோல்ட்டு நிக்கோணுங்க. அதுதான் சட்டம்.”

சட்டம் என்று அவர் சொன்னது ஆர்எஸ்-232. 1960இல் அமெரிக்காவில் வகுத்த தர விதி அது. மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் ‘1’, பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை ‘0’. நடுவில் இருப்பது எதிலும் சேராது. யூஎஸ்பியில் வருவதோ வெறும் 5 வோல்ட். அதிலிருந்து மைனஸை உண்டாக்கத் தனி ஐசி வேண்டும். மலிவுக் கேபிளின் மூடியை பிளேடால் கீறிப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரே ஒரு சிப், ஒரு கிரிஸ்டல். மைனஸ் உண்டாக்கும் ஐசியைக் காணோம். சிப்பிலிருந்து வரும் 5 வோல்ட்டைத் தலைகீழாக்கி அப்படியே முள்ளுக்கு விட்டிருந்தார்கள். புதிய சாதனங்கள் பல பூஜ்யத்தையே மைனஸாக எடுத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடும். அதனால் வாங்கியவருக்குச் சந்தேகம் வராது. நீளமான கேபிள் போட்டுப் பழைய மெஷினோடு இணைக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

தொண்ணூறுகளில் வாங்கிய ஃபானுக் கன்ட்ரோலர் போட்ட மெஷின்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் ஓடுகின்றன. இரும்பு தேயவில்லை, ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது. யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். புரோகிராம் உள்ளே போவதற்கு இருப்பதோ 25 முள் சீரியல் வாசல். லேப்டாப்களில் அந்த வாசல் போய் எவ்வளவோ காலமாகிறது.

அன்று அவர் ஒரு புதுப் பெட்டி போட உட்கார்ந்தார். எடைமேடைக்கு என்றால் சிஹெச்340 சிப் போதுமாம். சிஎன்சிக்கு எஃப்டி232ஆர்எல்தான். கிளாஸ்கோவில் இருக்கும் எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் அது. விலை கூடுதல். இருந்தும் ஏன் அதுவே என்று கேட்டபோது, “எண்பத்தேழு” என்றார். ஃபானுக்கின் 087ஆம் அலாரம் அது.

பழைய மெஷினின் நினைவகம் சின்னது. பெரிய புரோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்கும். வாய் நிறைந்தால் ‘நிறுத்து’ என்று டிசி3 என்ற குறியை லேப்டாப்புக்கு அனுப்பும். அதற்குமேல் பத்து எழுத்து வரைதான் பொறுத்துக்கொள்ளும். அப்புறமும் வந்தால் 087 போட்டுவிட்டு நின்றுவிடும். அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் போர்ட் நேரடியாக இருந்ததால் சொன்னதும் நிறுத்த முடிந்தது. யூஎஸ்பியில் அப்படி இல்லை. ‘நிறுத்து’ என்ற செய்தி லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிப்பின் வயிற்றில் ஏற்கெனவே இறங்கிவிட்ட எழுத்துகள் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். எஃப்டி232ஆர்எல் அந்தக் குறியைத் தானே கண்டுகொண்டு அங்கேயே அடைத்துவிடும். டிரைவரில் அதற்கான வசதியை இயக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவர் விற்கும் சாமானில் பாதி அந்தக் கன்ட்ரோலரின் குணம் தெரிந்திருப்பது. அதற்கு பில்லில் எந்த வரியிலும் இடமில்லை.

சிப்பை ஒட்டுவதைப் பார்க்க வேண்டும். 28 கால்கள், காலுக்குக் கால் 0.65 மில்லிமீட்டர். உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். போர்டில் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவி, சிப்பை ட்வீஸரால் நகர்த்தி நகர்த்தி, மூலைக்கு ஒரு கால் மட்டும் பிடிக்க வைத்தார். பிறகு அயர்ன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தோடு கால்களின் வரிசை நெடுக ஒரே இழுப்பு. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கும் கை வேகம். இரண்டு கால்கள் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. அதற்கென்று வைத்திருக்கும் செம்புப் பின்னலை அழுத்தி, அதிகப்படி ஈயத்தை உறிஞ்சி எடுத்தார். பக்கத்தில் உதவிக்கு இருந்த பையன் மீட்டரை கண்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு ஜோடிக் காலாகத் தொட்டுப் பார்த்தான்.

“கத்தாம இருந்தா சரிங்களா அண்ணா?”

“பக்கத்துப் பக்கத்துக் கால்ல கத்தக் கூடாது தம்பி. காலுக்கும் டிராக்குக்கும் வெச்சா கத்தியே ஆகணும். ரெண்டும் பாரு.”

அடுத்தது மேக்ஸ்232, நான்கு கெப்பாசிட்டர்களோடு. 1987இல் வந்த ஐசி. கெப்பாசிட்டர்களில் மாற்றி மாற்றி நிரப்பி 5 வோல்ட்டை இரட்டிப்பாக்கி, அதையே தலைகீழாக்கி மைனஸும் தரும். இரண்டு சிப்புக்கும் நடுவே அவர் வைத்த எட்டுக்கால் ஐசிதான் எனக்குப் புதிது: ஏடியூஎம்1201. சிக்னலை மட்டும் கடத்தும், கரன்டைக் கடத்தாது. மெஷின் பக்கத்துக்குத் தனி 5 வோல்ட் கொடுக்க ஒரு குட்டி டிசி-டிசி மாட்யூல். மெஷின் எர்த்துக்கும் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால் சீரியல் ஒயர் வழியாகவே கரன்ட் ஓடி போர்ட்டைக் கருக்கிவிடும். வெல்டிங் ஓடும் பட்டறைகளில் இது அடிக்கடி நடப்பதாம். தனக்கு வரவேண்டிய கெட்ட பெயர் அந்த ஐசியால்தான் வராமல் இருக்கிறது என்று சிரித்தார்.

கேபிள் முனையில் குறுக்கு இணைப்புகள்: 25 முள் பக்கம் நான்கையும் ஐந்தையும் சேர்த்து, ஆறு, எட்டு, இருபதை ஒன்றாக்கி. எதிர்முனை தயாராக இருக்கிறது என்று மெஷின் தானாகவே நம்பிக்கொள்ள இது போதும். வேலை முடிந்ததும் ஒன்பது முள் பக்கம் இரண்டையும் மூன்றையும் ஒரு ஒயர் துண்டால் இணைத்தார். டெர்மினலில் பையன் தன் பெயரைத் தட்ட, போன எழுத்துகள் அப்படியே திரும்பி வந்தன.

போலிச் சிப்புகளைப் பற்றிக் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. 2014இல் எஃப்டிடிஐ வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி முடக்கியது. போலி என்று தெரியாமல் வாங்கிய சின்னக் கடைக்காரரும் அதில் மாட்டினார். கள்ளச் சரக்கு விற்றவனை விட்டுவிட்டு வாங்கியவனைத் தண்டித்த வேலை அது என்றே எனக்கும் படுகிறது. இப்போது அவர் தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சிப் வரவழைக்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன். ஒரு பட்டறைக்காரர் லேப்டாப் மாற்றியிருக்கிறார், கன்வர்ட்டர் வேலை செய்யவில்லையாம். “காம் போர்ட்டு எத்தனைன்னு காட்டுதுங்க? பன்னெண்டா? உங்க சாஃப்ட்வேர் நாலுக்கு மேல பாக்காதுங்க. டிவைஸ் மேனேஜர் போங்க... போர்ட் செட்டிங்ஸ்... அட்வான்ஸ்டு... ரெண்டுன்னு மாத்துங்க.” பாரிட்டி ஈவன், டேட்டா ஏழு பிட், ஸ்டாப் ரெண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, புரோகிராம் ஏறும்வரை லைனிலேயே இருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“இதுக்குக் காசு வாங்குவீங்களா?”

“போன்ல சொன்னதுக்கெல்லாம் யாருங்க தர்றாங்க?” என்றபடி டிபன் பாக்ஸை இழுத்துக்கொண்டார்.