புகை கண்ட அயலார்

தீப்பற்றியபின் நீர் தேடி ஓடுவதினும், புகை கண்டபோதே கதவைத் தட்டுவது மேல். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று இலங்கையில் நேர்ந்த கொடுமையை எண்ணுந்தோறும் இவ்வுண்மையே நம் உள்ளத்தில் எழுகின்றது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் சபை ஆகிய வழிபாட்டிடங்களிலும், கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகளுக்கு 260-க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

அக்கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். பகையை அவன் விதைத்தது நம் தமிழ்மொழியிலேதான். ஆயினும், அவனை முதலில் இனங்கண்டு எதிர்த்தோர் யாவர்? அவ்வூர் இசுலாமியப் பெருமக்களே. அவனது போதனை தவறென மறுத்தனர், காவல்துறையிடமும் முறையிட்டனர். 2017-இல் அங்கு மோதல் மூண்டபின் அவன் தலைமறைவானான். தாக்குதலுக்கு முன்னரே எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. அதைத் தடுக்க உரியவர்கள் தவறினர் என 2023 சனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகை கண்டோர் இருந்தனர்; கேட்கும் செவிகளே இல்லாது போயின.

அந்நாள்களில் ஓரிரவு, செபமாலை முடிந்ததும் நம் இல்லத்துச் சிறுவன், “இனி அவர்களோடு எப்படிப் பழகுவது?” என்று வினவினான். ‘அவர்கள்’ என்ற அச்சொல் நம்மைத் திடுக்கிடச் செய்தது. சிலர் செய்த பழியை ஒரு சமூகத்தின்மேல் சுமத்தும் பேச்சு இவ்வாறன்றோ தொடங்குகின்றது! காத்தான்குடி மக்கள் முறையிட்ட செய்தியை அவனுக்கு எடுத்துரைத்தோம். நெடுநேரம் மௌனமாயிருந்தான்.

பழிவாங்குதல் ஆகாதெனக் கர்தினால் மால்கம் ரஞ்சித் ஆண்டகை மன்றாடினார். எனினும் அவ்வாண்டு மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் இசுலாமியரின் இல்லங்களும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிரும் பறிபோயிற்று. குற்றமற்றோரின் கண்ணீர் மீண்டும் பெருகியது.

பெற்றோரே, உங்கள் மகன் பழைய நண்பர்களை விலக்கி, பிற சமயத்தாரை இழித்துரைத்து, ஒரே குரலுக்குச் செவிசாய்ப்பானாயின், அவனை ஏளனம் செய்யாதீர்கள், அருகமர்ந்து கேளுங்கள். அவன் மதிக்கும் ஆசிரியரையோ பங்குத் தந்தையையோ நாடுங்கள். வன்செயலுக்குத் திட்டமிருப்பதாகத் தெரியவந்தால் காவல்துறைக்கு அறிவிக்கத் தயங்காதீர்கள். அது அவனையும் காக்கும் அன்பே.

அயலாரின் நோன்புக் கஞ்சியும் நம் கிறிஸ்து பிறப்புவிழாப் பலகாரமும் வேலி தாண்டிச் செல்லும் வழக்கம் நின்றுவிட வேண்டாம். நாள்தோறும் பழகிய கதவையே ஆபத்துக் காலத்தில் மனிதன் துணிந்து தட்டுவான். அவ்வாறு தட்டுவோர்க்கு நம் கதவு திறந்திருப்பதாக.