சதுரத் துளை

வீடியோ சண்டை விளையாட்டுப் பெட்டிகளுக்காகச் சான்வா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்யும் லீவரைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு தெரியும். அதன் நடுவில் சதுரமாக ஒரு துளை. லீவரின் தண்டு அந்தத் துளைக்குள் இறங்கி நிற்கிறது. மேலே குமிழைப் பிடித்து முழுக்கத் தள்ளினால் கீழே தண்டு அந்தச் சதுரத்தின் ஓரத்தில் முட்டி நிற்கும். விளையாடுகிறவர்கள் இதை ‘கேட்’ என்கிறார்கள். பெட்டிக்குள் மறைந்து கிடக்கும் இந்தத் துளை ஏன் வட்டமாக இல்லை என்ற கேள்வி என்னைச் சில காலமாக விடவில்லை.

கேள்வியைக் கிளப்பியது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை விளையாட்டின் ஹடோகென் என்ற அடி. லீவரைக் கீழே இழுத்து, கீழ்-முன் மூலை வழியாக முன்னே கொண்டுபோய், ஒரு குத்து பட்டனை அழுத்தினால் ரியூ என்ற வீரனின் கைகளிலிருந்து நெருப்புப் பந்து கிளம்பும். 1987-இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து இன்றுவரை அசைவு இதேதான். ஆட்டத்தின் பயிற்சி அறையில் நாம் கொடுத்த திசைகள் எல்லாம் திரையோரத்தில் அம்புக்குறிகளாக விழும். என் வரிசையில் கீழ் அம்பு இருக்கும், முன் அம்பு இருக்கும். நடுவில் வர வேண்டிய மூலை அம்பு மட்டும் அடிக்கடி காணாமல் போய்விடும். வட்டமாகத்தான் சுழற்றினேன் என்று கை சத்தியம் செய்யும். அம்புகள் இல்லை என்னும்.

திறந்து பார்த்தால் விஷயம் விளங்குகிறது. உள்ளே இருப்பவை நான்கே நான்கு மைக்ரோஸ்விட்ச். மூலைக்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. கீழ் ஸ்விட்சும் முன் ஸ்விட்சும் ஒன்றாக அழுந்தும் அந்தக் கணம்தான் மூலை. சதுரத்தின் மூலையில் தண்டு போய் உட்காரும்போது இரண்டும் சந்தேகமில்லாமல் அழுந்துகின்றன. எண்கோணத் துளையும் கடையில் கிடைக்கிறது. எட்டுத் திசைக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதால் எங்கே நிற்கிறோம் என்று விரலுக்குச் சொல்லிவிடும். வட்டமும் உண்டு. கொரிய லீவரோ வேறு சாதி. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதில் தடித்த ரப்பர் வளையம். தள்ளத் தள்ள இறுகும், விட்டால் நடுவுக்குத் தெறித்து வந்துவிடும். டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் கொரியர்கள் காட்டும் அந்த வழுக்குகிற பின்வாங்கலைப் பார்த்தவர்களுக்கு, அந்த ரப்பரின் அருமை தெரியும்.

எனக்குக் கற்றுத்தருவது அண்ணன் மகன். “சித்தப்பா, சுவர் வரைக்கும் போகாதீங்க. ஸ்விட்ச் அதுக்கு முன்னாடியே அழுந்திடும்” என்றான். உண்மைதான். மெதுவாகத் தள்ளிக்கொண்டே காதைக் கொடுத்தால், தண்டு ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே ‘டிக்’ கேட்கிறது. ஒரு விநாடியை அறுபது ஃபிரேம்களாக அறுத்து நடக்கும் ஆட்டம் இது. சுவரில் முட்டித் திரும்பும் தூரம் அத்தனையும் வீண் நேரம்.

ஆனால் வேகம் மட்டுமே இதன் சாரம் என்று நினைத்தால் அது தவறு. எதிராளி தாவி வந்தால் ஷோர்யூகென் என்ற எழும்பும் குத்தால் அடித்து வீழ்த்த வேண்டும் என்பது பாலபாடம். தாவல் முடிய ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகும். கண்ணில் பட்டதற்குக் கை பதில் சொல்லக் கால் விநாடி போதும். கணக்குப்படி எல்லோராலும் முடிய வேண்டும். முடிவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் மனம் வேறெங்கோ இருக்கிறது: நெருப்புப் பந்து வருமா, என் விரல் எந்த பட்டனில் இருக்கிறது, மூலை விழுந்ததா. கவனம் என்பது அளவான சரக்கு. கை அதைத் தின்றுவிட்டால் எதிரே இருப்பவரைப் பார்க்க மிச்சம் இருக்காது. லீவர் மாற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது, பட்டன் மாற்றுவது எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான் என்று நம்புகிறேன். வீணையில் மெழுகு இளகிப் போனால் மெட்டுகளை மறுபடி வைத்துத் தருபவர், வாசிப்பவரின் காதுக்கு இசைய வைக்கிறார் அல்லவா, அந்த மாதிரி வேலை.

அதனால்தான் 2004-ஆம் ஆண்டு ஆட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். கலிஃபோர்னியாவின் பொமோனாவில் எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். ஒருபக்கம் அமெரிக்கர் ஜஸ்டின் வோங், அவர் ஆடுவது சுன் லி. மறுபக்கம் ஜப்பானியர் டைகோ உமெஹாரா, அவர் ஆடுவது கென். கென்னின் உயிர்க்கோட்டில் எஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு கீற்று. இந்த ஆட்டத்தில் சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் கரையும். ஆகவே தடுப்பதும் சாவுதான். பாரி என்ற ஒரு வழி மட்டும் மிச்சம். அடி விழும் கணத்தில் பின்வாங்காமல், அதை நோக்கி லீவரை ஒரு தட்டு தட்ட வேண்டும். சரியாக விழுந்தால் சேதமே இல்லை. கொஞ்சம் பிசகினால் அடி நேராக முகத்தில்.

சுன் லியின் அந்தப் பெரும் தாக்குதலில் பதினைந்து உதைகள். டைகோ பதினைந்தையும் பாரி செய்தார், கடைசி ஒன்றைக் காற்றில் தாவியபடி. பிறகு கென் இறங்கி வந்து எதிர்த்தாக்குதலில் சுன் லியை முடித்துவிட்டார். அரங்கத்தின் கூச்சலை இன்றும் காணொளியில் கேட்கலாம். என்னை நிறுத்துவது அந்தப் பதினைந்தில் முதல் தட்டு. திரை ஒளிர்ந்து தாக்குதல் தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு தட்டினால் நேரம் கடந்துவிடும். அது வரப்போகிறது என்று அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் பொறுமை எப்போது தீரும் என்று கணித்த கை அது. மற்ற பதினான்கும் பயிற்சி; முதலாவது, இன்னொரு மனிதரைக் கூர்ந்து பார்த்ததன் பலன். டைகோ அந்தப் போட்டியின் இறுதியில் தோற்றார் என்பதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை.

எவோவில் ஆர்கேட் இயந்திரங்கள் போய், வீட்டு கன்சோல்கள் வந்ததும் அதே 2004-இல்தான். அதுவரை எல்லோருக்கும் பொதுவான இயந்திரம், பொதுவான லீவர். கன்சோல் வந்ததும் அவரவர் தம் பெட்டியைக் கையோடு கொண்டுபோக முடிந்தது. தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழக்கம் தழைக்க அது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. டெக்சாஸைச் சேர்ந்த மைக் பேகம், பிறவியிலேயே மூட்டுகள் இறுகி, கைகால்கள் வளராதவர். ‘ப்ரோலிலெக்ஸ்’ என்ற பெயரில் விளையாடினார். கடையில் எல்லோரும் வாங்கும் சாதாரண கன்ட்ரோலரை வாயாலும் முகத்தாலும் இயக்கி, எவோ போட்டி வரை போனார். அவர் தேர்ந்தெடுத்ததும் சுன் லியைத்தான். சுழற்சி குறைவு, ஒரு திசையைப் பிடித்து வைத்திருந்து எதிர்த்திசைக்கு விடும் அடிகள் அதிகம் உள்ளவள். பேகம் 2024-இல் காலமானார். நெதர்லாந்தின் ஸ்வென் வான் டெ வெகெ பார்வையற்றவர். ஒலியை மட்டும் நம்பி கென்னை ஆடுகிறவர். 2023-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல், எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை ஒலியாலேயே அறியும் வசதியை வைத்திருக்கிறார்கள். மெச்சத்தக்க காரியம்.

இப்போது லீவரே இல்லாத பெட்டிகளும் பெருகிவிட்டன. நான்கு திசைக்கும் நான்கு பட்டன். தாவல் பட்டன் கட்டைவிரலுக்கு அடியில். மணிக்கட்டைச் சுழற்ற வேண்டியதே இல்லை. இடமும் வலமும் சேர்ந்து அழுந்தினால் என்ன செய்வது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் பலகை தீர்மானிக்கிறது. பெரும்பாலும் இரண்டையும் ரத்து செய்துவிடும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற, நான்கு டாலருக்கு அறிமுகமான சிறு பலகையில், ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் மூளை தயார். 30 மில்லிமீட்டர் பட்டன்களுக்குத் துளை போட்ட மரப்பலகை, கொஞ்சம் ஒயர், சின்ன லக்குகள். சென்னை ரிச்சி தெருவில் ஒயரும் லக்கும் சுலபமாகக் கிடைக்கின்றன. லக்கை பட்டனின் காலில் செருகிவிட்டால் அந்த முனையில் ஈயம் வைக்க வேண்டியதுகூட இல்லை.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது விரல் மடங்காததாலோ, மணிக்கட்டு வலிப்பதாலோ, ஒரு கை மட்டுமே இருப்பதாலோ விளையாட்டிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், பட்டன்களை எங்கே வைத்தால் வசதி என்று அவரிடமே கேட்டு, ஒரு பெட்டி செய்து கொடுங்கள்.