ஈஸ்ட் செத்துப் போச்சா, தூங்குதா?

பீர் காய்ச்சுகிறவர் உண்மையில் பீர் காய்ச்சுவதே இல்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை வெந்நீரில் ஊறப் போட்டு, அந்த இனிப்புச் சாறை ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைத்து ஆற வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. இந்தச் சாறுக்கு வோர்ட் என்று பேர். அதை பீராக்குவது ஈஸ்ட் தான். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, வீட்டுச் சமையலறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் இந்த வேலை ஜோராக நடக்கிறது. (தமிழ்நாட்டில் செய்தால் மதுவிலக்கு போலீஸ் வீட்டுக்கு வரும். படிப்பதோடு நிறுத்திக் கொள்ளவும் :-))

சரி, விஷயத்துக்கு வருவோம். காய்ந்த ஈஸ்ட் பொடி வருஷக் கணக்கில் தாங்கும். வயீஸ்ட், வைட் லேப்ஸ் போன்ற கம்பெனிகள் விற்கும் திரவ ஈஸ்ட் அப்படியில்லை. வகைகள் ஏராளம், ஆயுள் கம்மி. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மாதத்துக்கு 20 சதவீதம் செல்கள் செத்துவிடும் என்பது வீட்டில் காய்ச்சுகிறவர்களின் பழைய வாய்ப்பாடு. அதன்படி மூணு மாதப் பாக்கெட்டில் பாதி தான் மிச்சம். ஆனால் இது வெறும் யூகம். கோடை வெயிலில் கூரியர் வண்டிக்குள் ரெண்டு நாள் வெந்த பாக்கெட்டுக்கும், ஃப்ரிட்ஜை விட்டே வெளியே வராத பாக்கெட்டுக்கும் தேதி ஒன்றாகவே இருக்கும்!

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு அலட்டல்? நடுத்தரமான 20 லிட்டர் ஏல் பீருக்குச் சுமார் 18,000 கோடி செல்கள் வேண்டும். குறைந்தால் ஈஸ்ட் பெருகி வேலையை ஆரம்பிக்கவே நாளாகும். இனிப்பான வோர்ட்டைக் கண்டால் பாக்டீரியா சும்மா இருக்குமா? முந்திக்கொள்ளும். அரை நாள் உழைப்பு புளித்துப் போகும்.

சில வயீஸ்ட் பாக்கெட்டுகளுக்குள் சத்து நீர் உள்ள சின்னப் பை ஒன்று இருக்கும். ஓங்கி அடித்தால் அது உடைந்து, பாக்கெட் பூரி மாதிரி உப்பும். உப்பினால் உயிர் இருக்கிறது, அவ்வளவு தான். எத்தனை உயிர் என்று அது சொல்லாது. உப்பாவிட்டாலும் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

மைக்ராஸ்கோப் இருந்தால் மெத்திலீன் ப்ளூ என்ற சாயம் போதும். உயிருள்ள செல் இந்தச் சாயத்தை நிறமில்லாமல் ஆக்கிவிடும். செத்த செல்லால் முடியாது, அது நீலமாகவே நிற்கும். 200 செல் எண்ணி அதில் 30 நீலம் என்றால் 85 சதவீதம் உயிரோடு. கேட்க சுலபம், ஆனால் இதிலும் வில்லங்கம் உண்டு. சாயம் கலந்த சில நிமிஷத்திலேயே எண்ணிவிட வேண்டும். வெளிர் நீலமாக நிற்பவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று ஆளுக்கு ஆள் சண்டை. போதாக்குறைக்கு, 90 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தச் சோதனை நிலைமையைக் கொஞ்சம் அழகாகவே காட்டும். 85 என்று வந்தால் நிஜம் அதைவிட மோசமாக இருக்கலாம். உயிரோடு இருப்பது வேறு, தெம்போடு இருப்பது வேறு. சாயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கிட்டத்தட்ட எல்லாமே செத்திருந்தாலும் கதை முடிவதில்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் கம்பெனி 1883 காலத்துப் பழைய பாட்டிலிலிருந்து உயிருள்ள ஈஸ்ட்டை எடுத்து, வளர்த்து, அதில் பீரும் காய்ச்சி 2016-ல் கோபன்ஹேகனில் பரிமாறியது. ஒரு செல் பிழைத்திருந்தாலும் கோடிகளாக்கலாம், ஆய்வுக்கூடமும் பொறுமையும் இருந்தால். ஆறிப்போய்க் காத்திருக்கும் 20 லிட்டர் வோர்ட்டுக்குத் தான் அந்தப் பொறுமை கிடையாது.

அதனால் மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள் ஸ்டார்ட்டர் போடுகிறார்கள். காய்ச்சும் நாளுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் பொடியைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறியதும் ஈஸ்ட்டை ஊற்றி, சுத்தமான குடுவையில் மூடி வைத்து, அவ்வப்போது குலுக்கி விடுவது. நுரை கட்டி, அடியில் வெண்ணெய் நிறத்தில் கெட்டியாகப் படிந்தால் உயிர் இருக்கிறது, பெருகியும் இருக்கிறது. சோதனையும் வைத்தியமும் ஒரே குடுவையில்! ரெண்டு நாளாகியும் அசைவில்லாமல், நுரையில்லாமல் கிடந்தால் நஷ்டம் 100 கிராம் மால்ட் பொடியும் ஒரு பாக்கெட்டும். பார்லியை ஊறப் போடுவதற்குள் கடைக்குப் போய் வேறு பாக்கெட் வாங்கி வர நேரம் இருக்கும்.