இருட்டில் ஊருக்குள் நுழைகிறோம்

இல்லாத ஊர்களுக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் உண்டு. எந்தப் பேருந்தும் போகாத ஒரு நாட்டின் வரைபடம், அங்கே ஓடும் ஆறு, விளையும் தானியம், மக்கள் கும்பிடும் தெய்வம், சந்தையில் ஒரு சுருள் கயிற்றின் விலை, அரசர் யார், அவரைக் கவிழ்க்கக் காத்திருப்பவர் யார் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு போகும். கதை மட்டும் இருக்காது. அதைப் படிப்பவர்களே ஆடி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் உலகத்தை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் சுவரேறிக் குதிக்கிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டியதுதான். முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும்.

இந்த ஆட்டத்துக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டார்கள். என் வீட்டுக்கு அது வந்தது அண்ணன் மகள் வழியாக. கல்லூரிப் படிப்புக்காக என்னோடு தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளோடு படிக்கும் மூன்று பெண்களும் ஒரு பையனும் வருவார்கள். மற்ற வீடுகளில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து உட்கார அனுமதி இல்லை. என் வீட்டில் தடை சொல்லப் பெரியவர் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

அவள் கையில் இருந்த உலகக் கையேட்டைப் புரட்டிய அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. நிலம், பொழுது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று வரிசை. இதைத்தானே இருபது ஆண்டாக வகுப்பில் முதற்பொருள், கருப்பொருள் என்று சொல்லிக்கொடுக்கிறேன்? பாலை நிலத்து ஆறலை கள்வர்கூட, வழியில் எதிர்ப்படுவோர் பட்டியலில் வேறு பெயரில் இருந்தார்கள். பொருளதிகாரத்தை ஒரு உலகக் கையேடாக வாசிக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த நினைப்போடுதான் பழைய பதிப்புகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கற்பனை உலகத்தில் டிராகன் பறக்கலாம், செத்தவர் எழுந்து நடக்கலாம். எழுதியவர்களுக்கு எதுவும் தடையில்லை. ஆனாலும் 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பெண்ணின் உடல்வலிமைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வலிமை பொதுவாக 3 முதல் 18 வரை. 18 கிடைத்த போர்வீரர் நூற்றுக்கு எத்தனை என்று இன்னொரு முறை உருட்டிக்கொள்வார். மனித ஆணுக்கு அந்த நூறும் கிடைக்கலாம், மனிதப் பெண்ணுக்கு 50தான் எல்லை. ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. இடுப்பளவு உயரம்கூட இல்லாத, எங்கும் வாழ்ந்திராத ஒரு இனத்தில், அந்தப் பெண்ணின் தோள் அந்த ஆணின் தோளைவிட எவ்வளவு மெலிந்தது என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்த ஆண்டு, 1979இல், ஆட்டத்தை நடத்துபவருக்கான கையேடு வந்தது. நகரத் தெருவில் எதிர்ப்படுகிறவள் விலைமகள் என்று பகடை சொன்னால், அவள் எந்த வகை என்று பார்க்கத் தனி அட்டவணை அதில் இருக்கிறது. நூறு எண்களைப் பன்னிரண்டு வகையாகப் பங்கிட்டிருக்கிறார்கள். கடைசிச் சில எண்கள் அவர்களை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு. இதைப் பதிப்பித்த டிஎஸ்ஆர் நிறுவனம் அதே 1979இல்தான் ஜீன் வெல்ஸ் என்ற பெண்ணை வடிவமைப்புப் பிரிவில் வேலைக்கு எடுத்தது. அந்தப் பிரிவில் அவர்தான் முதல் பெண். 1981இல் அவர் எழுதிய ‘பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்’ அச்சாகி வெளிவந்த கையோடு, அதிலிருந்த சில படங்கள் உள்ளிட்ட காரணங்களைச் சொல்லித் திரும்பப் பெறப்பட்டது. பிரதிகளை அழித்தார்கள். டாம் மோல்ட்வே என்ற ஆண் எழுத்தாளர் திருத்தி எழுதிய வடிவம் அதே தலைப்பில் வந்தது. பன்னிரண்டு வகை அட்டவணை அச்சில் அப்படியேதான் இருந்தது.

பெண்ணே ஆளும் ஊரும் இந்த உலகங்களில் உண்டு. கனடாவின் எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்தே கற்பனையில் வளர்த்த உலகம் ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ என்ற பெயரில் 1987இல் பெட்டியாக வந்தது. அந்த உலகத்தின் நிலத்தடியில் மென்சோபெரன்சான் என்றொரு நகரம். அதற்கென்றே 1992இல் தனிப் பெட்டி போட்டார்கள். கருந்தோல் கொண்ட டிரவ் இனத்தின் ஊர் அது. ஒவ்வொரு குலத்துக்கும் தலைவி ஒரு தாய். எட்டுக் குலத்தலைவிகள் சேர்ந்த அவை நகரத்தை ஆள்கிறது. வணங்குவது லோல்த் என்ற சிலந்தித் தெய்வத்தை. பூசாரிணிகளின் சாட்டை நுனியில் உயிருள்ள பாம்புத் தலைகள். மூன்றாவதாகப் பிறக்கும் ஆண் குழந்தை தெய்வத்துக்குப் பலி. ஆண்கள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது.

நன்றாக எழுதப்பட்ட நகரம்தான், மறுக்க மாட்டேன். இரவு இரண்டு மணிவரை படித்தேன். சூரியன் எட்டாத ஊரில் பொழுதைக் காட்ட ஒரு கல்தூணை மந்திரத்தால் சூடேற்றி ஒளிரவைக்கிறார்கள், அந்த இடத்தை மறக்கவே முடியாது. ஆனால் ஒன்று உறுத்தியது. நிலத்துக்கு மேலே நல்ல அரசியரும் இருக்கிறார்கள், சில்வரிமூனை ஆளும் அலுஸ்ட்ரியேல் மாதிரி. அவர்கள் ஒற்றை ஒற்றையான அபூர்வப் பெண்கள். ஊர் முழுக்க, வீடு தொடங்கி அவை வரை பெண் கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டதும், கற்பனைக்கு அகப்பட்டது நாம் அன்றாடம் பார்க்கும் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம் மட்டும்தான். சாட்டை கைமாறியிருக்கிறது, அவ்வளவே. அதுவும் கருப்பு நிறத்தில், பாதாளத்தில். தீய இனம் என்று பிறப்பிலேயே முத்திரை குத்தும் வழக்கத்தை மாற்றப்போவதாகப் பதிப்பாளர்கள் 2020இல்தான் அறிவித்தார்கள். நம் பக்கமும் பெருமைப்பட்டுக்கொள்ள எதுவும் இல்லை. மதுரையைப் பெண்படையோடு ஆண்ட அல்லியைக் கதைப்பாடல் என்ன செய்தது? தூங்கும்போது அர்ச்சுனனை விட்டுத் தாலி கட்டவைத்தது.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். “நாங்க அங்கெல்லாம் போகல அத்தை, கடலோரத்துல ஒரு சின்ன ஊருக்குத்தான் போறோம்” என்றாள்.

அந்த ஊருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த ஞாயிறு நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை நடத்தியது அவள்தான். “இருட்டிடுச்சு, ஊர் வாசல்ல நிக்கிறீங்க, என்ன செய்றீங்க?” என்றாள். பையன் உடனே, “நேரா சத்திரத்துக்குப் போறேன், யாராவது வேலை குடுப்பாங்களான்னு கேக்கிறேன்” என்றான். பெண்கள் மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருத்தி, “தெருவுல விளக்கு இருக்கா?” என்றாள். அடுத்தவள், “சத்திரத்துல வேற பொம்பளைங்க இருக்காங்களா?” மூன்றாமவள், “அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா?”

இவர்களில் ஒருத்தி கைவீச்சில் நெருப்பு வரவழைக்கிற மந்திரக்காரி. இன்னொருத்தி ஆறடி உயரப் போர்வீரி, முதுகில் கோடரி.

அண்ணன் மகள் புத்தகத்தைப் புரட்டினாள். 2014இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் சத்திர வாடகைக்கு அட்டவணை இருக்கிறது. ஆக மட்டமான அறைக்கு ஒரு இரவுக்கு 7 செம்புக்காசு, பிரபுக்களுக்கான அறைக்கு 4 பொற்காசு. தாழ்ப்பாள் பற்றி அந்த அட்டவணையில் பேச்சில்லை. பூட்டு வேண்டுமானால் பொருள் பட்டியலில் தனியாக வாங்கிக்கொள்ளலாம், விலை 10 பொற்காசு. ஊரிலேயே உயர்ந்த அறையில் இரண்டு இரவு தங்கினாலும் அவ்வளவு ஆகாது. மூவரும் காசைச் சேர்த்து ஒரு பூட்டு வாங்கினார்கள். 1 பொற்காசுக்கு ஒரு மணியும் வாங்கிக் கதவில் கட்டினார்கள். “ஏய், இது கேம்தானே?” என்றான் பையன். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவனுக்குப் புரியவில்லை. எனக்குச் சுண்டல் தீய்ந்த வாசனை வந்தது.

இந்தப் பிள்ளைகள் வாழும் ஊரில் சூரியன் சாய்ந்தால் கைப்பேசி ஒலிக்கும். என் அண்ணன் கெட்டவர் இல்லை. மகள் படிக்க வேண்டும் என்று என்னிடம் அனுப்பியவரே அவர்தான். ஆனால் ஆறு மணிக்கு மகளின் குரலை அவர் கேட்டாக வேண்டும், அறையின் பின்னணிச் சத்தத்தோடு. அந்தச் சத்தத்தில் ஒரு நாள் பகடை உருளும் ஓசை அவருக்குக் கேட்டுவிட்டது. என்னை அழைத்தார். “பொம்பளப் புள்ளைங்க தாயம் உருட்டுற மாதிரி என்னம்மா அங்க? கூட ஒரு பையன் வேற. அடுத்த வருசம் ஹாஸ்டல்ல சேத்திரலாம்னு பாக்கேன்.” பகடை என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது துரியோதனன் சபை. அந்தச் சபையில் பாஞ்சாலி பகடையைத் தொடவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணனிடம் மேடைப் பேச்சு எடுபடாது. “என் கண்ணு முன்னாலதான் இருக்காண்ணே” என்று மட்டும் சொன்னேன். அந்த வாக்கியமே எனக்குக் கசந்தது.

ஏனென்றால் அது தொல்காப்பியம் வகுத்த தூரம். களவில் பகற்குறி வீட்டு எல்லைக்கு வெளியே இருக்கலாம். இரவுக்குறி அப்படி இல்லை. வீட்டார் பேசுவது காதில் விழும் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது களவியல். மாணவர்களுக்கு இதை இலக்கணக் குறிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடலாம். ஆனால் இதுவும் ஒரு உலகக் கையேட்டின் விதிதான்: இந்த உலகத்தில் பெண் பாத்திரம் இருட்டியபின் இத்தனை தூரம்தான் நகரலாம். வழியில் யானையையும் புலியையும் சந்திப்பது வருகிற ஆண். பாலையில் பெண் நடக்கிறாள்தான், உடன்போக்கில் ஒருவன் பின்னால், அல்லது போன மகளைத் தேடிக்கொண்டு செவிலியாக. தானே, தன் வேலைக்காக, ஊர்விட்டு ஊர் நெடுவழி போக முல்லையிலும் நெய்தலிலும் அகத்திணை அவளுக்கு இடம் வைக்கவில்லை. ஔவையார் போன்ற பாணர் மரபுப் பெண்கள் போனார்கள், அது புறம். கடல் பயணத்தில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்றும் ஒரு நூற்பா இருக்கிறது. நெய்தல் பாடல்களில் முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்த நூற்பாவை எத்தனை முறை அடிக்குறிப்பில் சேர்த்திருப்பேன்! டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விலைப் பட்டியலில் கப்பல் பயணத்துக்கு மைலுக்கு 1 வெள்ளிக்காசு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கட்டணம்.

2022இல் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிடடல்’ என்றொரு தொகுப்பு வந்திருக்கிறது. கருப்பின, பழுப்பின எழுத்தாளர்கள் மட்டும் எழுதிய 13 சாகசங்கள், ஒவ்வொன்றோடும் அந்தந்த நிலத்துக்கு ஒரு கையேடு. அதில் ஒன்றை எழுதியவர் கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல். வங்காளத்து ஆற்று நிலங்களின் சாயலில் சங்கபூமி என்ற நாட்டை அமைத்திருக்கிறார். ஆறுகளைக் காக்கும் ஆவிகள் உண்டு, படகு உண்டு, சேறு உண்டு. அண்ணன் மகள் அதை என்னிடம் காட்டிய விதத்தில் ஒரு வேகம் இருந்தது. “நம்ம ஆளு ஒருத்தங்க எழுதியிருக்காங்க அத்தை” என்றாள். வங்காளமும் ‘நம்ம’ ஆகிவிட்டதைக் கவனித்தேன், திருத்தவில்லை.

அதன் பிறகுதான் அவள் சொந்தமாக ஒன்று எழுதத் தொடங்கினாள், தமிழில், நாற்பது பக்க நோட்டில். கழிமுகத்தில் ஒரு ஊர். உப்பளம் இருக்கிறது, புன்னை இருக்கிறது, என்னிடமிருந்து திருடிய நெய்தல் எல்லாம் இருக்கிறது. முதல் பக்கத்தில் அரசர் பெயர் எதுவும் இல்லை. ‘இரவு’ என்று தலைப்பிட்டு, எந்தத் தெருவில் எதுவரை விளக்கு எரியும், படகுத்துறையில் விடிய விடியக் கடை வைத்திருப்பவள் யார், எந்த வீட்டுத் திண்ணையில் கேட்காமலே படுக்கலாம் என்று எழுதியிருந்தாள். திண்ணைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. “எல்லாரையும் படுக்க விடுவாங்களா அத்தை? இந்த ஊர்லயும் சாதி கேப்பாங்களா?” என்றாள்.

“நீதானே எழுதுறே?”

“நான் எழுதினாலும், ஆடுறவங்க நம்பணுமே.”

அந்தக் கேள்விக்குறி இன்னும் அழிக்கப்படவில்லை. விளக்குகள் ஏன் எரிகின்றன என்பதற்கு அவள் காரணம் ஏதும் எழுதவில்லை. எரிகின்றன, அவ்வளவுதான். கடல் பகுதிக்கு வந்தபோது, மரக்கலத் தலைவி என்பதற்குப் பழைய சொல் ஏதாவது உண்டா என்று கேட்டாள். மீகாமன் உண்டு, நீகான் உண்டு. பெண்பாலில் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. இரண்டு நாள் யோசித்து மீகாமி என்று சொன்னேன். எந்த அகராதியிலும் தேட வேண்டாம், நான் வைத்த பெயர்.

ஹாஸ்டல் பேச்சு இன்னும் முடியவில்லை. போன ஞாயிறு என் கையிலும் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயது மீகாமி, வலதுகால் கொஞ்சம் இழுத்து நடப்பவள், வலிமை 16. கரை கண்ணில் படாத இடத்தில் காற்று திரும்பியிருந்தது. நான் பகடையைக் கையில் எடுத்தபோது கைப்பேசி அடித்தது. மணி ஆறு. அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அப்பாவை அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லு அத்தை. நீ முதல்ல உருட்டு.”