வெட்டுப் பழகப் போன இடம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்கெனத் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபத்தின் 124 தூண்களுக்கு இடையில், பாத்திரக் கடைகளும் வளையற் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உள்ளே நுழைவோரின் காதில் முதலில் விழுந்தது தையல் யந்திரங்களின் ஓசைதான். நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகளும் பாய்ந்து நிற்கும் யாளிகளும் பார்த்திருக்க, தூணுக்குத் தூண் யந்திரத்தைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகும்போது கொடுத்த துணியைத் திரும்பி வருவதற்குள் பாவாடையாகவோ ரவிக்கையாகவோ ஆக்கிக் கையில் கொடுத்த தையற்காரர்களை, வெளியூரிலிருந்து மதுரைக்கு வந்துபோன பெண்களில் அறியாதவர் சிலரே இருப்பர். மண்டபத்தின் சிற்ப வேலைப்பாட்டைக் காக்க வேண்டி, சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்த கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. கற்களுக்கு அது நன்மையே. மனிதர்களோ புதுக் கட்டடத்தின் அறைகளுக்குள் பழைய தொழிலைக் கொண்டுபோய்த் தொடர்கிறார்கள்.

அவர்களைத் தேடிக்கொண்டு சத்திரத்துப் படிகளில் நான் ஏறியதற்குக் காரணம், உத்தியோக காலம் முழுவதும் மூடி போட்டு வைத்திருந்த என் தையல் யந்திரத்தை மறுபடியும் திறந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த அவகாசத்தில் தலையணை உறை, திரைச்சீலை, பேத்திக்கு ஒரு பாவாடை என்று தொடங்கியபோது, மிதியில் காலும் துணியில் கையும் பழைய ஒழுங்கில் தாமே சேர்ந்துகொண்டன; நேர்கோட்டில் தைப்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாத அந்த வேலைகளில் மனம் அடைந்த நிம்மதியும் பெரிது. ஆனால் உடம்போடு பொருந்த வேண்டிய ஒரு ரவிக்கையைத் தைக்க எண்ணினால், யந்திரத்துக்கு முன்பாகக் கத்தரிக்கோல் வந்து நிற்கிறது. தையல் பிசகினால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டு பிசகினால் துணி போயிற்று. அந்த வித்தையை, அதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றிற்று.

சித்திரைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில், நேர்த்திக்கடனாக அழகர் வேடம் பூண்டு, தோல்பையில் நிரப்பிய நீரைத் துருத்தியால் பீய்ச்சிக்கொண்டு வரும் அடியார்களுக்கு வேண்டிய சல்லடமும் சட்டையும் குல்லாவும், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கடையை நிறைத்திருந்தன. நான் போய் நின்ற கடைக்காரர் அறுபதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். “பாய், உங்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் சற்று உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேட்டேன். “உக்காருங்கம்மா, பாக்குறதுக்கு என்ன!” என்று முக்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களின் உடுப்பு அவர் கையால் உருவாவதை ஒரு விசேஷமாக நான் சொன்னபோது, அவர் அதை அப்படி எண்ணவே இல்லை. “எங்க அத்தா காலத்துலேர்ந்து நாங்கதானம்மா தைக்கிறோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டார்.

மேஜைமேல் விரித்திருந்தது கருஞ்சிவப்பு வெல்வெட். வெட்டுவதற்கு முன்பு என் கையைத் துணியின்மேல் வைக்கச் சொன்னார். “தடவிப் பாருங்கம்மா. இப்படித் தடவுனா வழுக்கும், அப்படித் தடவுனா எதுத்து நிக்கும். எல்லாத் துண்டையும் ஒரே பக்கம் பாத்து வெட்டணும். ஒண்ணு திரும்பிப் போச்சுன்னா வெயில்ல ரெண்டு கலராத் தெரியும்.” துணி சிக்கனமாகும் என்று துண்டுகளைத் தலைகீழாகப் பொருத்தி வெட்டுவது பருத்தியில் செல்லும், வெல்வெட்டில் செல்லாது என்பதை, வாங்கிய நீளத்தில் ஒரு பகுதி கழிவாகப் போவதைப் பொறுத்துக்கொண்டு அவர் செய்து காட்டினார். வெட்டிய துண்டுகளை உடனே யந்திரத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை. கீழ்த்துணியை யந்திரத்தின் பற்கள் இழுத்துச் செல்ல, மேல்துணி பின்தங்கி, முடிவில் இரண்டும் ஒட்டாமல் போகும் என்பதால், முதலில் கையூசியால் நெடுந்தையல் ஓட்டி இரண்டையும் பிணைத்துக்கொண்டார். யந்திரத் தையல் முடிந்தபின் அந்த நூலை உருவி எடுத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அது இருந்த இடமே தெரியாது. நல்ல தையலின் பெரும்பகுதி இவ்வாறு பிறர் காணாத பிரயாசையாகவே கழிகிறது.

நான் கொண்டுபோயிருந்த அளவு ரவிக்கையை அவரிடம் கொடுத்தபோது, அவர் செய்த முதற்காரியம் அதை உட்புறமாகத் திருப்பியதுதான். எந்தப் பக்கம் பிரித்து விடப்பட்டிருக்கிறது, கைக்குழியில் எங்கே துணி இழுபட்டு நூல் தேய்ந்திருக்கிறது, முன்பக்கம் எவ்வளவு நைந்து நீண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடுத்தி உடுத்தி உடம்புக்கு வளைந்துவிட்ட பழைய ரவிக்கை, முதல் நாள் இருந்த அளவைக் காட்டாது. அதை அப்படியே படியெடுத்தால் புதுத்துணியில் கோணலும் சேர்ந்து வரும். ஆகையால் அளவு ரவிக்கை கையில் இருந்தபோதிலும், தோளும் மார்பும் இடுப்பும் கையின் சுற்றும் டேப்பால் அளந்தே ஆக வேண்டும் என்றார். உள்ளே இருந்த அவர் மருமகள் வந்து அளவெடுத்து எண்களைச் சொல்லச் சொல்ல, அவர் ஒரு பழைய காலண்டர்த் தாளில் குறித்துக்கொண்டார். லைனிங் துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டக் கூடாது என்பதையும், துணியைக் குறுக்குச் சாய்வாக வைத்து வெட்டினால் அது இளகிக் கொடுக்கும், ஆகவே வளைவான இடங்களுக்கும் கழுத்துப் பட்டிக்கும் அந்தச் சாய்வே ஏற்றது என்பதையும் இடையிடையே சொல்லிக்கொண்டே போனார். எந்தப் புஸ்தகத்திலும் இவை கிடைக்கும். ஆனால் சாய்வாக வெட்டிய ஒரு கீற்றை இரு விரல்களுக்கிடையே இழுத்து, அது நீண்டு மீள்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டிய பிறகே எனக்கு அந்த நியாயம் விளங்கிற்று.

இந்த யந்திரத்தின் சரித்திரத்தை நினைத்தால் அந்தக் கடையில் அமர்ந்திருப்பது மேலும் பொருளுடையதாகிறது. கையூசிக்குக் காது பின்புறத்தில். யந்திர ஊசிக்குக் காது நுனியில். மேல்நூல் துணிக்குள் இறங்கி ஒரு கண்ணியாக விரிய, கீழே சுழலும் கொக்கி அதைப் பற்றிப் பாபின் நூலைச் சுற்றிவர, இரண்டும் துணியின் நடுவில் முடிச்சிட்டுக்கொள்கின்றன. இவ்வாறு இரு நூல்கள் பிணையும் தையலைச் செய்யும் யந்திரத்துக்கு எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் 1846-இலும், அதைத் திருத்திய சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்றனர். அவர்களுக்கு முன்னரே பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் 1830-இல் ஒரு தையல் யந்திரத்துக்கு உரிமை பெற்றிருந்தார். கூலி போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அவருடைய பட்டறைக்குள் புகுந்து யந்திரங்களை உடைத்தார்கள். யந்திரங்களைச் சந்தேகத்தோடு நோக்கிய காந்தியடிகளும் 1924-இல் ஒரு சம்பாஷணையின்போது சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். தையலால் வருந்திய மனைவியின் மீது சிங்கர் கொண்ட அன்பே அதன் பிறப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். அன்று அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் டாக்டர் சௌந்திரம் அம்மையாருடன் சேர்ந்து, மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லை அடுத்து 1947-இல் காந்திகிராமத்தை நிறுவினார்.

வீட்டுத் தையலைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது எளிய பொழுதுபோக்கு என்று சொல்வதைத்தான் ஒப்ப மாட்டேன். ஆயத்த உடையில் நாலைந்து அளவுகளுக்குள் நம் உடம்பு அடங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் தைக்கும் உடையிலோ துணிதான் உடம்பை விசாரித்து வருகிறது. திருப்பூரின் பெரிய ஆலைகளில் ஒருவர் கையை மட்டும் இணைக்க, இன்னொருவர் கழுத்தை மட்டும் முடிக்க, உடை முழுவதையும் எவரும் தம் கையில் ஏந்துவதில்லை. துணி தேர்வதிலிருந்து கொக்கி வைப்பது வரை ஒரு பொருளை முழுமையாகச் செய்து முடிக்கும் பாக்கியம், வீட்டில் தைப்பவருக்கும் இந்தச் சத்திரத்துத் தையற்காரருக்கும் பொதுவானது. நம் பாட்டிமார் பெண் குழந்தையின் பாவாடைக்கு அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று மடிப்புகள் வைத்துத் தைத்து, குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார்கள். எதிர்காலத்தையும் சேர்த்து அளவெடுத்த அந்தச் சாமர்த்தியத்தை என் பேத்தியின் பாவாடையில் நான் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். இதை மனப்பூர்வமான சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

ஆனால் எனக்குப் பொழுதாக இருப்பது அவர்களுக்குச் சோறு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்களுக்கு, விழாக் காலத்தில் இரவு நெடுநேரம் வரையிலும் வேலை. மற்ற மாதங்களில் பல நாட்கள் கை ஓய்ந்து கிடக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் கொக்கி கட்டிய கண்களும், குனிந்தே இருந்த முதுகும் வயதுக்கு முன்பே தளர்கின்றன. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு வழங்கும் இலவச யந்திரத்தை வாசலிலே போட்டு, பக்கத்து வீட்டு ரவிக்கைகளைத் தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் விதவைகளும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். லைனிங் வைத்த ஒரு ரவிக்கையை நாமே வெட்டித் தைத்து, ஓரம் மடித்து, கொக்கி கட்டி முடித்துப் பார்த்தால், அவர்கள் கேட்கும் தொகை எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

ஆகவே, தையலை மறுபடி கையில் எடுத்திருக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் என் வேண்டுகோள் இது: வெட்டுப் பழக உங்கள் ஊர்த் தையற்காரரிடம் போங்கள், அவர் செலவழிக்கும் நேரத்துக்குக் கேளாமலே பணம் கொடுங்கள், தைக்கக் கொடுக்கும் துணியை விழாவுக்கு முந்தின நாள் கொண்டுபோகாமல் ஒரு மாதம் முன்பாகக் கொடுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள்.