காலின் வீக்கத்தை உருவிவிடலாமா?

உப்பளத்தில் பகலெல்லாம் நின்று உழைப்போரும், துறைமுகத்தில் சுமை தூக்குவோரும், சங்குக் குளிப்போரும் வாழும் தூத்துக்குடிக் கரையில் கால்வலி அன்றாடச் செய்தி. வலித்தால் எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பது நம் வழக்கம். ஒரு கால் மட்டும் வீங்கினால், யானைக்காலோ என்று அஞ்சுவோம். அல்லது நீர் கோத்திருக்கிறது என்று தேறுவோம். ஆயினும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய நோய் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலிருந்த மூதாட்டியின் இடக்கால் வீங்கியது. அன்பு மிகுந்த மருமகள் மூன்று நாள் உருவிவிட்டார். நான்காம் நாள் மூச்சுத் திணறி மூதாட்டி கண்மூடினார். காலின் ஆழ்சிரையில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தது என்றார் மருத்துவர். கட்டி தானாகவும் பெயரக்கூடும்; ஆகவே அம்மருமகள்மீது பழி சுமத்துதல் தகாது. எனினும் அவரைத் தேற்றச் சென்ற எங்களுக்குச் சொல் எழவில்லை.

இவ்வாறு கட்டி பெயர்ந்து செல்வதை 1856-இல் வெளியிட்ட நூலில் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ விளக்கினார். இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தக்குழாய் காயமுறுதல், இரத்தம் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றுமே இந்நோயின் காரணங்கள். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, பிள்ளைப்பேறு, புற்றுநோய், நெடுநேரம் அசையாத பயணம் ஆகியன இவற்றிற்கு இடமளிக்கின்றன.

ஒரு காலில் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு, நிறமாற்றம் ஆகியன அறிகுறிகள். சிலருக்கு எதுவும் தோன்றாது. டாப்ளர் ஸ்கேன் எனும் ஒலியலைப் பரிசோதனை வலியின்றிக் கட்டியைக் காட்டிவிடும். ஹெப்பாரின் ஊசியோ, வார்ஃபரின் போன்ற மாத்திரையோ கட்டி வளராமல் தடுக்கும். உடல் தானே அதை மெல்லக் கரைக்கும். பொதுவாக மூன்று மாதமேனும் மருந்து தொடர வேண்டும். வீக்கம் வடிந்ததென்று நாமாக நிறுத்துதல் ஆபத்து. வார்ஃபரின் உண்போர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முருங்கைக்கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்ணலாகாது. கடையில் வாங்கும் வலிமாத்திரைகள் இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

அறுவை சிகிச்சையோ பிள்ளைப்பேறோ முடிந்து வீடு திரும்பியவரை அசையவிடாது கிடத்துவதையே நாம் பரிவென்று கருதுகிறோம். மருத்துவர் இசைவு தந்தால் கைபிடித்து நடக்கச் செய்வதே பரிவு. சென்னைக்கு இரவுப் பேருந்தில் செல்வோர் இடையிடையே கணுக்காலை அசைத்தல் நலம். திடீர் மூச்சுத் திணறலோ, மார்பு வலியோ, இரத்தம் கலந்த இருமலோ கண்டால் 108-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது.

உருவிவிடும் கரங்கள் அன்பின் கரங்களே. ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும் நாளில், அக்கரங்கள் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும்.