கூடக் கிடைத்த இரண்டு வருஷம்



2020 மே 31-இல் 58 முடிந்து நான் ஓய்வு பெற வேண்டியவள். மே 7 அன்று 59 என்று அரசாணை வந்தது. அடுத்த பிப்ரவரியில் சட்டசபையில் 60 என்று அறிவித்தார்கள். ஆக 2022 மே வரை வேலை. வீட்டுக் கடன் அடைந்தது. பொய் சொல்லக் கூடாது, சந்தோஷம்தான்.

60 ஆன அதே மாசம், வேடசந்தூர் பஸ்ஸில் பழைய மாணவி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 2013-லேயே டெட் பாஸ் பண்ணியவள். தனியார் பள்ளியில் வேலை, கொரோனாவில் பாதிச் சம்பளம். "நீங்க ரிட்டயர் ஆனா ஒரு இடம் காலியாகும்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள், சிரித்துக்கொண்டேதான். என் இடம் அவளுக்கே போகும் என்றில்லை, அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் திண்டுக்கல் வரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

நான் 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவள், பழைய பென்ஷன் மாசாமாசம் வருகிறது. பிறகு சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். அவளுக்கு அந்தப் பிடித்தமும் இல்லை, பிடிக்க அரசுச் சம்பளம் வேண்டுமே.

போன வாரம் போன் பண்ணினாள். மகள் பிளஸ் டூ முடிக்கிறாளாம். "டீச்சர் டிரெய்னிங் சேர்க்கலாமா டீச்சர்?"

இன்னும் பதில் சொல்லவில்லை.